குட்டை ஆலமரமும் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரும்

என் நாத்தனார் பெங்களூரில் ஒரு போன்சாய் ஆலமரம் வளர்த்துவந்தாள். முழங்கை உயரம்தான் இருக்கும். ஆனால் விழுதெல்லாம் விட்டு, பெரிய மரத்தைத் துவைத்துச் சுருங்கவிட்டதுபோல நிற்கும். வேலை விஷயமாக வெளிநாடு போக நேர்ந்தபோது, அதைத் தருமபுரிக்குக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலோரம் வைத்தாள்.

"பத்திரமா பாத்துக்குங்க அண்ணி."

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டோம். வந்த வினையே அதுதான். காலையில் நான் ஒரு சொம்பு ஊற்றுவேன். மதியம் மாமனார் ஊற்றுவார். பாப்பாரப்பட்டிப் பக்கம் காலமெல்லாம் மழையை நம்பி வெள்ளாமை செய்தவர். மண் காய்ந்திருந்தால் அவருக்குத் தாங்காது. சாயங்காலம் என் கணவர். ஒருவர் ஊற்றுவது மற்றவருக்குத் தெரியாது.

இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று மூவரும் தனித்தனியே முடிவுசெய்து, ஆளுக்கு இன்னொரு சொம்பு கூட்டினோம்.

அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் வீடியோ காலில் வந்தாள். மரத்தைக் காட்டச் சொன்னாள். மரத்தில் காட்ட ஓர் இலை இல்லை. கணவர் ஓடிப்போய்த் தெருமுனை ஆலமரத்தில் ஒரு கிளையை ஒடித்துவந்து, தொட்டிக்குப் பின்னால் குனிந்து பிடித்துக்கொண்டார். நான் தள்ளி நின்று போனைக் காட்டினேன்.

"ஏன் அண்ணி, இலை முறமாட்டம் இருக்குது? அதென்ன பின்னால, அண்ணனோட வாட்ச்சா?"

மாமனாருக்குப் பொய் வராது. "மரம் போயிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டார்.

கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "பட்டைய நகத்தால லேசா கீறிப் பாருங்க அண்ணி," என்றாள். கீறினேன். உள்ளே பச்சை.

"அப்ப உசுரு இருக்குது. தொட்டியத் தூக்குங்க."

தூக்கினால் சாக்கடை நாற்றம். தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டையில் பைப் அடைக்கிற பசை அப்பியிருந்தது. நான் கணவரைப் பார்த்தேன்.

"ஜன்னல் கட்டையெல்லாம் ஊறுதுன்னு நாந்தான்..." என்றார்.

அவள் சொல்லச் சொல்ல, மரத்தை உருவி வேரைக் கழுவினேன். பாதிக்கு மேல் கறுத்து, குழைந்த சேமியா போலக் கையோடு வந்தது. அதையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னாள். "வேரப் போயி வெட்டுவாங்களா?" என்று மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மிஞ்சியது ஒரு கைப்பிடி வேர். கணவர் பசையைச் சுரண்டி எடுத்தார். ஆற்றுமணலும் செங்கல் பொடிசும் கலந்து நட்டு, நிழலில் வைத்தோம். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்தால்தான் தண்ணீர் என்று உத்தரவு.

அதற்குப் பிறகு மாமனார்தான் காவல். தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் குடிக்கச் சொம்பை எடுத்தாலும், "எங்கம்மா போற?" என்பார்.

ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார். பதறிப்போய் வெளியே வந்தால், "துளுத்திருக்குதும்மா!" என்கிறார். கிளை நுனியில் அரிசி அளவு சிவப்பு மொட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர், அதற்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்.

நாத்தனார் திரும்பி வந்தபோது மரம் இலை மூடி நின்றது. அவள் காரின் பின்கதவைத் திறந்தாள். மாமனார் தொட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மரம் வூட்டுலயே இருக்கட்டும். நீ வேணும்னா வந்து பாத்துட்டுப் போ கண்ணு."

அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத்தான் பெங்களூருக்கு எடுத்துப்போனாள்.