ஆடி அமாவாசையில் மீன்கறி

பிள்ளைகளே, அமாவாசையைப் பற்றி உங்கள் வயதிலேயே எனக்கு எல்லாம் தெரியும். கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பேன்.

ஆடி அமாவாசையில், தகப்பனை இழந்தவர்கள் தீர்த்தமாடி விரதம் பிடிப்பார்கள். அப்பா தன் தகப்பனுக்காக விரதம் இருந்ததால் எங்கள் வீட்டில் பூசணிக்காய். எங்கள் ஊரான தேற்றாத்தீவில் அன்று மீன் வாசம் வந்தது அம்மாவின் அக்கா வீட்டில் மட்டும்தான். வேலிக்குள்ளால் நுழைந்து அங்கே போய்விட்டேன்.

வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரையை நாங்கள் படுவான்கரை என்போம். அங்கே வட்டை என்கிற வயல்வெளிக்கு வயல் பார்க்கப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை. அந்தச் சண்டைக் காலத்தில் அப்படிப் பலர் வரவில்லை. வருடங்களும் சில ஓடிவிட்டன.

பெரியம்மாவின் மகனான அண்ணாவைத் தீர்த்தத்துக்குக் கூட்டிப்போக மாமா வந்து நின்றார்.

“அக்கா, இந்த வருசமாவது பொடியன் தகப்பனுக்கு விரதம் பிடிக்கட்டும்.”

“தகப்பன் இருக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு விரதம்?”

“அப்ப எங்க அத்தான்? கண்ணால கண்ட ஆள் ஒருத்தரைக் காட்டு பாப்பம்.”

பெரியம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது. அண்ணா காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

“கண்ணால காணாட்டி இல்லையெண்டு இல்ல மாமா. நிலவு இப்பவும் சூரியனுக்குக் கிட்ட நிக்கிது. வெளிச்சம் விழுற பக்கம் அங்கால, இருட்டுப் பக்கம் எங்களைப் பாத்து. அதுதான் தெரியல்ல. ரெண்டு நாள் போகட்டும், பின்னேரம் படுவான்கரைப் பக்கம் பிறையா வரும். வளந்து பூரணையாகும். பிறகு தேய்ஞ்சு தேய்ஞ்சு திரும்பவும் அமாவாசை.”

“பெரிய வாத்தியார்! ஆரடா உன்னக் கேட்டது?” மாமா என் காதைப் பிடித்தார்.

“அவன விடு. நீ போய்த் தீர்த்தமாடு. என்ட பிள்ளை இஞ்ச சாப்பிடுவான்” என்றார் பெரியம்மா.

மாமா தனியாகத்தான் போனார்.

எங்கள் இரண்டு பேருக்கும் பெரியம்மா சோறு போட்டார். கொடுவா மீனின் நடுத்துண்டு எனக்கு. சரியான விடைக்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு கேட்டார்:

“பிறை எந்தப் பக்கம் வருமெண்டாய் மனே?”

“படுவான்கரைப் பக்கம்.”

“கட்டாயம் வருமா?”

இவ்வளவு சொல்லியும் பெரியம்மாவுக்குப் பாடம் விளங்கவில்லையே என்று இருந்தது எனக்கு. சோற்றுக் கையை மேலே தூக்கிக் காட்டி, இன்னும் மெதுவாக, முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன்.