துருவின் மேல் போட்ட பழி

நான்கு வருடங்களாகத் தானே திருத்திய மொரிஸ் மைனர், ஞாயிறன்று பழைய கார்களின் ஊர்வலத்தில் ஓடவேண்டும் என்று சுதா அக்கா காத்திருந்தார். ஹம்பேர்க்கில் வாகனப் பொறியியல் படித்த நான், பிரேக்கைச் சரிபார்க்கப் பன்னிரண்டு வரிப் பட்டியலோடு போனேன். முதல் நட்டிலேயே ஸ்பானர் வழுக்கி, நட்டும் பிரேக் குழாயும் பழுதாகின.

“சரியான துரு, அக்கா” என்றேன்.

“உங்கட ஸ்பானர் மில்லிமீட்டர், தங்கச்சி. இங்கிலாந்துக் காருக்கு அங்குலம் வேணும். துரு பாவம், விடுங்கோ!” என்று சிரித்தார்.

புதிய குழாய் நேரத்துக்கு வரவில்லை. ஞாயிறன்று இருவரும் தெருவோரம் நின்று ஊர்வலத்தைப் பார்த்தோம்.

“எங்கை உங்கட கார்?” என்று அவருடைய நண்பர் ஒருவர் கேட்டார்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “துரு” என்றார்.

“இல்லை, என்ர பிழை” என்றேன்.

இப்போது என் பட்டியலின் முதல் வரி, அங்குலமா மில்லிமீட்டரா என்பது. அக்கா எனக்காகச் சொன்ன பொய்யை எந்த வரியில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை.