நரிக்குட்டியை வரைந்தவர்கள்

வளைகுடா நகரமான மனாமாவில், குதைபியா பகுதியில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கார்ட்டூன் ஸ்டுடியோ. பாலைவனத்து நரிக்குட்டி ஒன்றின் கதைகளைக் குழந்தைகளுக்காக அரபியில் தயாரித்துக்கொண்டிருந்தோம். முதலாளி என் ஊர்க்காரர். எங்கள் கடற்கரை ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அவரையும் நான் அப்படித்தான் கூப்பிட்டேன். "இது கம்பெனி இல்ல புள்ள, குடும்பம்" என்பார். நம்பினேன். என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்.

நரிக்குட்டியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். அந்தப் பெரிய காதுகளும் ஓடும்போது ஒருபக்கம் சாயும் வாலும் அவர் கையில் பிறந்தவை. முக்கியமான அசைவுகளை அவர் வரைவார். அவற்றுக்கு நடுவே வரும் சின்னச் சின்ன அசைவுகளை நானும், பக்கத்து இருக்கைப் பிலிப்பைன்ஸ் பெண்ணும், இன்னும் சிலரும் கணினிப் பேனாவால் வரைந்து நிரப்புவோம். முதலாளிக்கு அண்ணன் என்றால் உயிர். அவர்களுக்குள் என்றாவது முறியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தொடர் நன்றாக ஓடவே, நரிக்குட்டி முழுநீளப் படமானது. மால் ஒன்றில் முதல் காட்சி. எல்லோரும் குடும்பத்தோடு போனோம். படம் முடிந்து திரையில் எழுத்துகள் ஏறத் தொடங்கியதும் என் மகள் இருக்கையின் மேல் ஏறி நின்றாள். முதலாளியின் பெயர் வந்தது. எழுத்து, இயக்கம், ஓவியம், தயாரிப்பு எல்லாவற்றுக்கும் அவர் பெயரே வந்தது. பிறகு பாடியவர்கள், நன்றி, அவ்வளவுதான். அரங்க விளக்குகளைப் போட்டுவிட்டார்கள்.

"உம்மா, உங்க நேம் எப்போ வரும்?" என்றாள் மகள்.

திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த டூட்டி நாளில் அண்ணன் எல்லோர் முன்னிலையிலும் பேசினார். வரைவதைக் கீறுவது என்றுதான் சொல்வார். "கோவிக்காதீங்கோ முதலாளி. இது நாங்கள் எல்லாரும் சேர்ந்து கீறின படம். எங்கட பேர் ஒண்டையும் காணேல்லை. டிவியில போகேக்குள்ளயாவது போடுங்கோ."

முதலாளி கத்துவார் என்று நினைத்தோம். அவர் கண் கலங்கிவிட்டது. "உனக்கு நான் என்ன குறை வச்சேன், தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெயர் கேட்டால் ஒரு மனிதருக்கு ஏன் அழுகை வர வேண்டும்? எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே ஒரு காலை அண்ணனின் அடையாளக் கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. விசாவை கேன்சல் செய்துவிட்டார்கள். வாட்ச்மேன் உள்ளே போய், அவருடைய தேநீர்க் கோப்பையையும் கண்ணாடிக் கூட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்து கொடுத்தார். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். அண்ணன் பையை வாங்கிக்கொண்டு, "நீங்கள் உள்ள போங்கோ தங்கச்சி, நேரமாகுது" என்றார்.

உள்ளே போனேன். திரையில் நேற்று பாதியில் விட்ட நரிக்குட்டி ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. பேனாவைக் கீழே வைத்தேன். பிலிப்பைன்ஸ் பெண் என்னைப் பார்த்தாள். அவளும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அறையில் பேனா உரசும் சத்தமே இல்லை. யாரும் கோஷம் போடவில்லை. உட்கார்ந்திருந்தோம்.

முதலாளி என்னிடம்தான் முதலில் வந்தார். "நீயுமா புள்ள?"

"அவங்களை ஏன் காக்கா அனுப்புனீங்க?"

திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். ஆனால் அன்று மாலை ஊரிலிருந்து என் வாப்பா போன் செய்தார். முதலாளி அவரிடம் பேசியிருக்கிறார். யாரிடமும் ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவர் என் வாப்பா. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்.

"வேலையைப் போட்டுட்டு உக்காந்திருக்கியாமே?"

"ஆமா வாப்பா."

"அந்தப் பையனை எதுக்கு அனுப்புனாக?"

"எங்க பேரைப் போடச் சொன்னதுக்கு."

"அது மட்டுந்தானா?"

"அது மட்டுந்தான்."

"அப்ப உக்காரு" என்றார். போனைக் காதிலிருந்து எடுத்து அது வாப்பாவின் எண்தானா என்று பார்த்தேன்.

நாங்கள் பேனாவைத் தொடாதிருக்க, நோன்பு மாதத்துக்கான புதிய பகுதிகளைச் சேனல் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளி இறங்கிவந்தார். எல்லோர் பெயரையும் போடுவதாக ஒத்துக்கொண்டார். "ஆனா அவன் பேரு மட்டும் வராது" என்றார். அண்ணன் அதற்குள் யாழ்ப்பாணம் போய்விட்டார். நரிக்குட்டியைப் பெற்றவர் பெயர் இல்லாமல், அதன் காலை நகர்த்திய எங்கள் பெயரா? நானும் பிலிப்பைன்ஸ் பெண்ணும், எங்களுடையதும் வேண்டாம் என்றோம். மற்றவர்கள் சரி என்றார்கள்; வேலை மறுபடி தொடங்கியது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

"பேருக்குத்தானே இவ்வளவும் செஞ்சீங்க?" என்று முதலாளி திரும்பத் திரும்பக் கேட்டார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே முகம்தான். அதைப் பார்க்கத்தான் எனக்கு எல்லாவற்றையும்விடத் திகைப்பாக இருந்தது.

அண்ணன் மகிழ்வார் என்று நினைத்துப் போனில் சொன்னேன். திட்டினார். "உங்களுக்கென்ன விசரே? என்ர பேருக்காக உங்கட பேரை ஏன் அழிச்சனீங்கள்? இனி ஆர் கேட்டு வாங்குவினம்?" அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு வாரம் யோசித்தோம். பிறகு போய் எங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னோம், அவருடையதையும் மறுபடி கேட்டோம். எங்களுடையது வந்தது. அவருடையது கடைசிவரை வரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் நான் அங்கிருந்து விலகினேன்.

அண்ணன் இப்போது அபுதாபியில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்பு விளம்பரங்களுக்கு வரைகிறார். அங்கே பெயர் போடுகிறார்களா என்று கேட்டேன்.

"சவர்க்கார விளம்பரத்துக்கு ஆர் தங்கச்சி பேர் போடுறவை?" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார்.