மீட்டர் மாமாவின் கை

என் அக்கா வீட்டுக்காரருக்கு எல்லோரும் வைத்த பேர் மீட்டர். லிஃப்ட் மெக்கானிக். மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதிர்வு பார்க்கக் கம்பெனி கொடுத்த கருவி பைக்குள் தூங்கும். அதை எடுத்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், வாயை மூடிக்கொள்வேன்.

மீன் பிடிப்பதும் அதே கையை நம்பித்தான். குளிர் மாதங்களில் பாஸ் மீன் ஏரியின் அடியில் சோம்பிக் கிடக்கும். அதற்கென்று பொய் இரையாக அவரே உலோகத் தகடு வெட்டுவார்: விரல் நீளம், வயிற்றில் ஈயம், இரண்டு முள். தரை தொடும்வரை விட்டு, தூண்டில் கோலை ஒரு முழம் தூக்கினால் தகடு கிடுகிடுவென்று நடுங்கும். பிறகு நூலைத் தொய்யவிடாமல் இறக்க வேண்டும். மீன் கவ்வுவது பெரும்பாலும் அப்போதுதான். நூலில் லேசாக ஒரு தட்டு, அவ்வளவே. அது கைக்குத் தெரியாதவன் பேசாமல் வீட்டில் இருக்கலாம்.

அந்த ஞாயிறு காலை மூன்று முறை மீன் கவ்வி நூல் பக்கவாட்டில் ஓடியது. மாமா சுண்டி இழுக்கவே இல்லை. ஈயம் கூடிப்போச்சு, ஆடவே மாட்டேங்குது என்று தகட்டைத் திட்டினார். வேறு தகடு மாட்டினார். அதுவும் சரியில்லையாம்.

"இந்தா, நீயே பாரு மாப்ள."

வாங்கித் தூக்கினேன். முழங்கைவரை அதிர்ந்தது.

திரும்பி அவர் கையைப் பார்த்தேன். கழற்றிய தகட்டின் முள் ஆள்காட்டி விரலில் ஆழமாக ஏறியிருந்தது. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"எப்போ குத்துச்சு?" என்றார்.

சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, கை கால் மரத்துப்போகும், டாக்டரைப் பாருங்கள் என்று அக்கா இரண்டு வருஷமாகக் கத்துகிறாள். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டில் மோட்டார் கடகடக்கிறது என்று ஒரு வாரமாக நிறுத்திவைத்திருந்தார்கள். அதை நேற்றுப் பார்த்து, ஓட்டலாம் என்று சொன்னவர் இவர்தான்.

"கருவி வச்சுப் பார்த்தீங்களா மாமா?"

"கை வச்சுப் பார்த்தேன். ஆடவே..."

விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. நான் ஸ்பீக்கரில் அக்காவுக்குப் போன் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"லிஃப்ட் விட்டுட்டாங்கடா. இனிமே பத்து மாடி ஏறி இறங்க வேணாம். இதோ உள்ள ஏறிட்டேன், கீழ வந்து..."

கதவு மூடும் சத்தம் கேட்டது. லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்காது. இணைப்பு அறுந்தது.

பத்தாவது மாடியிலிருந்து கீழே வர நாற்பது நொடி. மாமா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். நாற்பது தாண்டியும் அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.