ரொட்டிக்காரருக்கு வந்த அழைப்பு

ரொட்டிக்காரர் வேலையை விட்டது ஓர் உபவாசக் கூட்டத்தால். வெளியூர்ப் பிரசங்கியார், இங்கே ஒருவரை ஆண்டவர் முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார் என்றார். அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, இவர்தான் எழுந்து நின்றார். மறுநாளே பேக்கரி அடுப்பை விட்டு வந்துவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்டவர் கூப்பிடும்போது பெண்டாட்டியிடம் யோசனை கேட்டுக்கொண்டா நிற்பார்கள்?

கூப்பிட்டவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. எங்கே போவது, என்ன செய்வது, ஒன்றும் தெரியவில்லை. ரொட்டிக்காரர் ஓர் ஆண்டாக உள்ளறையில் முழங்காலில் நின்று முட்டி காய்த்துப்போனதுதான் மிச்சம். பொறுமையாகக் காத்திருங்கள் என்றார் சபைப் போதகர். காத்திருக்கிற வீட்டில் உலை கொதிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. மனைவி ஊரார் துணியைத் துவைத்துத் தேய்த்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். தனக்குப் பசியில்லை என்று சொல்லிச் சொல்லி அந்தப் பொய் நாக்கில் பழகிவிட்டது. இவரிடம் ஏதாவது சொல்லித் தொலையும் ஆண்டவரே என்பதுதான் அவளுடைய ஜெபம்.

கடைசியில் பேக்கரி முதலாளி ஆள் அனுப்பினார். நாளைக் காலை வந்தால் பழைய இடம், வராவிட்டால் வேறு ஆள்.

ரொட்டிக்காரர் வேதாகமத்தில் வருகிற கிதியோனைப் பிடித்துக்கொண்டார். அவன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டானாம். இவர் மொட்டைமாடியில் துண்டை விரித்தார். விடியும்போது தரை காய்ந்து துண்டு மட்டும் நனைந்திருந்தால் அடுப்புக்குத் திரும்புவாராம், இல்லையென்றால் இன்னும் காத்திருப்பாராம். அதுவோ பனியே இறங்காத கோடை.

கிழக்கு வெளுக்குமுன் மனைவி வாளித் தண்ணீரோடு மாடி ஏறினாள். மன்னித்துவிடும் என்று முணுமுணுத்தபடியே துண்டை வாளிக்குள் முக்கிப் பிழிந்து, வெளியே சொட்டுவிடாமல் விரித்தாள்.

ரொட்டிக்காரர் வந்து துண்டைத் தொட்டுப் பார்த்தார். அதில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பேசிட்டாரும்மா. இவ்வளவு நாள் கழிச்சு என்கிட்ட பேசிட்டார்."

"அப்போ கிளம்புங்க. சட்டை எடுத்து வெச்சிருக்கேன்."

"எப்படிக் கிளம்புறது? போன்னு சொன்னது என்னைச் சோதிக்கத்தான். இப்படிப் பேசுறவரை விட்டுட்டு மாவு பிசையப் போகச் சொல்றியா?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கீழே சின்னவள் எழுந்து பசிக்குது என்று அழ ஆரம்பித்தாள்.

"துண்டை நனைச்சது நான்," என்றாள்.

அவர் மாடி மூலையில் இருந்த வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். இரண்டு அடி கொடுத்திருந்தாலும் தேவலை.

"அப்போ அவர் பேசவே இல்லையா?"

கணவரை வேலைக்கு அனுப்பத்தான் நினைத்தாள். அவரிடமிருந்து ஆண்டவரையே பிடுங்கிக்கொள்வோம் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனார்.

இப்போது அந்த வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. சாப்பிடுமுன் ஜெபம் செய்வது அவள்தான். பிள்ளைகள் ஆமென் சொல்கிறார்கள். ரொட்டிக்காரர் தட்டைப் பார்த்தபடி, ஜெபம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.