வேலிக்குப் பின்னால் இருந்த வீடு

பிள்ளைகளா, உங்களில் மூத்தவள் பிறந்த அன்றுதான் நான் குடியிருந்த இடத்தை முதன்முதலாகச் சுற்றிப் பார்த்தேன். அதற்குள் கள்ளக்குறிச்சி ஓரத்தில் குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு விட்டால் ஆலை, ஆலை விட்டால் வீடு. சைக்கிளில் ஒரே ரோடுதான்.

இட ஒதுக்கீட்டுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்த மார்கழியில் ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, வண்டி இல்லை. உங்கள் அம்மா வடக்கனந்தலில் தாய் வீட்டுக்குப் போக வேண்டியவள், போக முடியவில்லை. தலைப்பிரசவம் அங்கேதான் என்று நாங்கள் இருவருமே நினைத்திருந்ததால், இங்கே பிரசவம் பார்க்க யாரையும் விசாரித்து வைக்கவில்லை.

விடிகிற நேரத்தில் வலி வந்துவிட்டது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. "சீக்கிரம் வந்துடுங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டு ஓடினேன்.

அப்படி ஒரு பனியை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தூரத்தில் தினமும் தெரிகிற மலை போகட்டும், எதிர்வீடே தெரியவில்லை. பல் கிட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் தட்டிய இரண்டு வீட்டிலும் கையை விரித்தார்கள். பின்தெரு மட்டும் பாக்கி. 'அந்தப் பக்கம் போகாதே' என்று குடிவந்த அன்றே ஒருவர் சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குப் போனேன்.

பழைய டயரைக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாப்பா, பனியில வழி தவறிட்டியா?"

"இல்லீங்க, என் வூடு இங்கதான், தண்ணி டேங்க் பக்கத்துல."

"தெரியும், தெரியும். ரெண்டு வருஷமா சைக்கிள்ல பறந்துக்கினு கீற. இன்னிக்குத்தான் காலு தரையில படுது."

"பொண்டாட்டிக்கு வலி கண்டுடுச்சிங்க."

"அத மொதல்ல சொல்லாம டேங்குன்னுக்கினு நிக்கிறியே! அதோ, வாழமரத்து வூடு. நர்சம்மா இருக்காங்க, கூப்புடு."

நர்சம்மா பையை எடுத்துக்கொண்டே கேட்டார். "வெந்நி வெச்சியா? பழந்துணி இருக்கா?"

"எல்லாம் அவங்கம்மா வூட்ல பாத்துக்குவாங்கன்னு..."

"நல்லா பாத்தீங்க போ! எங்க கீது உன் வூடு?"

"தண்ணி டேங்க் பக்கத்துல" என்று சொல்லிவிட்டு, நான் வந்த வழியாகவே சுற்றிப் போகத் திரும்பினேன். அவர் சிரித்துவிட்டார். "இன்னாத்துக்கு ஊர சுத்தற? உன் வூட்டு வேலிதான் அது."

அவர் கை காட்டிய இடத்தில், பத்தடி தள்ளி, பனிக்குள் எங்கள் முள்வேலி தெரிந்தது. இரண்டு வருஷமாக எங்களுக்கு முதுகுப்பக்கமாகவே இருந்திருக்கிறார். நான் முள்ளை விலக்கிப் பிடித்தேன், ஈரச் சேற்றில் கால் வைத்து அவர் தாண்டினார்.

வெயில் ஏறுவதற்குள் மூத்தவள் அழுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் நல்லா கீறாங்க, நீ மூச்சு வுடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

நர்சம்மா உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய செருப்பு ஜோடி சேறு அப்பிக் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் குழாயடிக்கு எடுத்துப்போய்க் கையாலேயே தேய்த்துக் கழுவி, என் துண்டால் துடைத்து, அவர் காலை நுழைக்க வாகாகத் திருப்பி வைத்தேன்.