ஆற விட்ட சோறு

போன வருடம் இரண்டே மாதத்தில் மூன்று முறை எனக்கு மாரடைப்பு வந்ததாக நம்பினேன். மூன்றும் எங்கள் ஊர் உலு திராமில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான். நெஞ்சு அடைக்கும், உள்ளங்கை வேர்க்கும், காதுக்குள் லாரி ஓடும். சாகப் போகிறவன் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைக்கு அயர்ன் போட்டேன். கசங்கின சட்டையோடு கிளினிக்குப் போகக் கூடாது என்பது என் வீட்டுக்காரம்மா போட்ட சட்டம். அவங்க காலமாகி இரண்டு வருடம் ஆகியும் சட்டம் மட்டும் அமலில் இருந்தது.

மூன்றாவது முறை டாக்டர் ஈசிஜி தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "அங்கிள், என் இதயத்தைவிட உங்க இதயம் நல்லா இருக்கு. மனசுதான் பதறுது. யார்கிட்டயாவது உட்கார்ந்து பேசுங்க."

"பேச்சுக்கு எனக்கா பஞ்சம்?" என்றேன். நர்ஸ் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

பேச்சுக்குப் பஞ்சமில்லாததுதான் வினை. மகள் மெல்போர்னில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் அடிப்பாள். அம்மாவின் திதிக்கு முதல் நாள், "அம்மா ஞாபகம் வருதாப்பா?" என்று கேட்டாள். "வராம இருக்குமா? டிவி ரிமோட்டு இப்பத்தானே என் கைக்கு வந்திருக்கு," என்றேன்.

"அம்மாவுக்காக அழறதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்போலப்பா," என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் மூன்று ஞாயிறு போன் அடிக்கவே இல்லை. நாலாவது வாரம் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. லைசென்ஸ் உள்ள, தமிழ் பேசுகிற கவுன்சலர், ஆன்லைனில், சனிக்கிழமை காலை பத்து மணி. அடியில், "எனக்காகப்பா."

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குள் உட்கார்ந்து பேச முடியவில்லை. ஹாலில் மாலை போட்ட படத்திலிருந்து வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தாங்க. அவங்க முன்னால் இன்னொரு பெண்ணிடம் மனதைத் திறக்க எனக்கு ஏது துணிச்சல்? வாசலில் நின்ற காருக்குள் ஏறி, ஜன்னலை இறக்கிவிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன்.

கவுன்சலர் பினாங்கிலிருந்து பேசினார். முப்பத்தைந்து வயது இருக்கும். "டாக்டரம்மா" என்றேன். "நான் டாக்டர் இல்லைங்க சார், கவுன்சலர்," என்று திருத்தினார். "எதைப் பேசணும், எங்க நிறுத்தணும், எல்லாம் நீங்கதான் முடிவு பண்ணணும்," என்றும் சொன்னார். பயணியிடமே வழி கேட்கும் டாக்சிக்காரர் மாதிரி இருந்தது. நான் எதிர்பார்த்துப் போனது ஒரு மாத்திரை, இல்லாவிட்டால் ஒரு பரிகாரம்.

சரி, வண்டி நம் கையில் என்று அயர்ன் கதையை அவிழ்த்துவிட்டேன். பாதியில் திரையில் அவர் முகம் அப்படியே நின்றுபோனது. "ஹலோ! ஹலோ!" என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, கார் ஸ்டார்ட் ஆகவில்லையா என்று கேட்டார். "பேட்டரி வீக்," என்றேன். யாருடைய பேட்டரி என்று சொல்லவில்லை. ஒரு நிமிடத்தில் கவுன்சலர் திரும்ப வந்தார்.

"நீங்க ஜோக் சொன்னா வீட்டுல யாருங்க சார் சிரிப்பாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லம்மா. வீட்டுக்காரம்மா இருந்தப்பகூட சிரிச்சதில்ல. இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல."

"என்ன சொல்வாங்க?"

"'சாப்பிடுங்க, ஆறிப் போவுது'ம்பாங்க."

சொன்னதும் கண்ணாடி மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதை மறைக்க அவசரமாக ஒரு ஜோக் சொன்னேன். பதில் இல்லை. கண்ணாடி இல்லாமல் திரையைப் பார்த்தேன், மங்கலாகத் தெரிந்த அந்த முகம் அசையவில்லை. அலமாக், மறுபடியும் ஹேங்! மறுபடி கத்தினால் பெரியவர் ஜம்பர் கேபிளோடு வந்து நிற்பார். அதனால் கத்தாமல் காத்திருந்தேன்.

யாருக்கும் கேட்கவில்லை என்ற நினைப்பில் வாய் தானாகத் திறந்தது.

"வேணும்னேதான் ஆற விடுறேன். தெனமும் சோத்தைப் போட்டு வச்சிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கேன். ஒரே ஒரு தடவை அந்தக் குரல் கேக்காதான்னு. கேக்க மாட்டேங்குது. அப்பத்தான் நெஞ்சு அடைக்குது. மககிட்ட இதைச் சொன்னா, அங்க தனியா இருக்கிற புள்ள என்ன பண்ணும்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். திரையில் அவர் கண் சிமிட்டினார்.

"லைன் இருக்குதாம்மா?"

"இருக்குங்க சார். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சீட்டுக்கு அடியில் இடமிருந்தால் அப்போதே நுழைந்திருப்பேன். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்களே சார்."

அறிவுரையும் இல்லை, பரிகாரமும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "மகள்கிட்ட சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" அதற்குப் பிறகும் பல சனிக்கிழமைகள் அதே காரில் உட்கார்ந்து அவரோடு பேசினேன். வீட்டுக்காரம்மாவின் குரலுக்கான ஏக்கம் இன்றைக்கும் குறைந்தபாடில்லை. யாராவது பேசாமல் இருந்தால், அந்த இடத்தில் ஒரு ஜோக்கைத் தூக்கிப் போட இப்போதும் நாக்கு துறுதுறுக்கும். ஆனால் ஒரு நிமிடம் பொறுக்கக் கற்றுக்கொண்டேன்.

முதன்முதலாகப் பொறுத்தது அந்த முதல் சனிக்கிழமை சாயங்காலமே. ஞாயிறு வரை காத்திருக்காமல் நானே மகளுக்குப் போன் அடித்து, சோற்றை ஆற விடுவதைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. லைன் போகவில்லை. மறுபடி காதில் வைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.